விழுந்து முளைத்த பல்

என் பேத்திக்கு ஒன்பது வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் உதட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். கல்மண்டபம் பகுதியில் எங்கள் சந்தில் அவளைத் 'தேங்கா துருவி' என்பார்கள். அப்படிக் கூப்பிடுகிறவர்களை எண்ணியிருக்கிறேன்: பதினொரு பேர், அவள் அப்பனான என் மகனையும் சேர்த்து.

அவள் பள்ளியில் குடிநீருக்கு ஒரே குழாய், முழங்கால் உயரத்தில். குனிந்து வாய் வைத்துக் குடிக்கிற பிள்ளையின் தலையைப் பின்னால் நிற்கிற பிள்ளை அழுத்தும். அது அங்கே விளையாட்டு. யாருக்காவது பல் போகும் என்று தலைமை ஆசிரியையிடம் மூன்று முறை சொன்னேன். "பெரியவரே, பசங்கன்னா அப்படித்தான்" என்றார். நீட்டிய பல்தான் முதலில் அடிபடும் என்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

போன ஆடியில் ஒரு மதியம் இவள் தலையை அழுத்தினார்கள். ஒரு முன்பல் வேரோடு வந்துவிட்டது. பள்ளி ஆயா அதைக் காகிதத்தில் மடித்து என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்குக் கூட்டிவந்து வாயைக் கொப்பளிக்க வைத்துக்கொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரி ஓட்டிவிட்டு வந்து தூங்கி எழுந்த என் மகன் காகிதத்தைப் பிரித்தான். அழுக்குப் பல்லை வீசினால் புதுப்பல் கறையோடு முளைக்குமாம்; பல்பொடி போட்டு வெள்ளையாகும்வரை தேய்த்தான். பிறகு பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் எறிந்தான்.

"டேய், அது பால் பல் இல்லடா! விழுந்து மொளச்ச பல்லு!"

"இன்னா நைனா, கொயந்தைக்கு பால் பல்லுதான். ஒரு மாசத்துல மொளச்சிடும், கம்முனு கெட."

அவளுக்கு அதுவரை விழுந்த பால் பற்கள் எட்டு. அதே இடத்தில் முன்பு விழுந்ததையும் இவனேதான் எறிந்தான்.

ஏணி கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள்: "ஷீட்டு ஒடஞ்சா நீ மாத்திக் குடுப்பியா? ஒத்தப் பல்லுக்கு இன்னா பேஜாரு இது!" கெஞ்சி, கழியால் தள்ளி இறக்குவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது.

பெண் பல் டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தேய்க்காம பால்ல போட்டு உடனே கொண்டுவந்திருந்தா திரும்ப வெச்சிருக்கலாம். வேர்மேல இருந்த தோல் போச்சு, காஞ்சும் போச்சு. பக்கத்துப் பல்லும் தொங்குது. அதையாவது கம்பி கட்டிக் காப்பாத்தலாம்."

"அதையும் புடுங்கிடுங்க மேடம்," என்றான் என் மகன். "ரெண்டும் போனா மூஞ்சி லட்சணமா ஆயிடும். நாளைக்குக் கட்டிக் குடுக்க வேணாவா?"

அதுவரை திறந்திருந்த வாயைப் பேத்தி மூடிக்கொண்டாள். டாக்டர் கெஞ்சியும் திறக்கவில்லை. "வாயத் தொறமே!" என்று அவன் மூக்கைப் பிடித்தான். மூச்சு முட்டித் திறந்தவள், உள்ளே நுழைந்த அவன் விரலைக் கடித்தாள். அவன் அலறிக் கையை இழுத்தான். தொங்கிய பல்லும் கூடவே வந்து அவள் மடியில் விழுந்தது.

டாக்டர் அதன் தலைப்பக்கத்தைப் பிடித்து எடுத்தார். மருந்துநீரில் ஒருமுறை அலசி, குழியில் வைத்து அழுத்தி, கம்பி கட்டினார்.

"இவ்ளோதானா?" என்றான் என் மகன், விரலைச் சப்பியபடி.