சாய்தளத்தின் மூலையில் ஒரு கல்

எங்கள் ஊர் ஆசுப்பத்திரியின் மண்டபத்தில் ஒரு பெரிய படம் தொங்குகிறது. சக்கர நாற்காலியில் ஒரு பெண், பின்னால் புதுச் சாய்தளம், வாயெல்லாம் பல். கீழே ‘தடையில்லாச் சுகாதாரம் எல்லோருக்கும்’ என்று எழுதி, நான்கு அமைப்புகளின் சின்னங்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் நான்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

யுத்தத்தின் கடைசி மாதங்களில் ஷெல் வெடித்து முதுகில் ஏறிய துண்டு, இடுப்புக்குக் கீழே எனக்கு ஒன்றும் தெரியாமல் செய்துவிட்டது. வடமராட்சியில் அண்ணையின் வீட்டில் இருக்கிறேன். ஓ.எல். பரீட்சை எடுக்கிற பிள்ளைகளுக்குக் கணிதம் ரியூசன் கொடுக்கிறேன். ஊருக்கு நான் ரீச்சர். இதைச் சொல்லியாகிவிட்டது, இனி யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம்.

பிரச்சினை என் வலது இடுப்பில் வந்த புண். நாற்காலியின் பக்கத் தகடு உரசி உரசி வந்தது. உணர்ச்சி இல்லாத இடத்தில் புண் வந்தால் வலிக்காது, அதுதான் பயம். வலிக்காமலே உள்ளே போய் எலும்பைத் தொடும். எனக்குத் தெரிந்த இருவர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தார்கள், இருவருக்கும் என்னைவிட வயது குறைவு. அதனால் கிழமைக்கு மூன்று நாள் ஒரு தாதி ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து மருந்து கட்டிவிட்டுப் போவார். புண் ஆறிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் திட்டம் வந்தது. ஆசுப்பத்திரியும் நான்கு அமைப்புகளும் கூட்டுச் சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி செய்யப் போகின்றன என்றார்கள். திட்ட உத்தியோகத்தர் வீட்டுக்கே வந்து முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தார்.

“ரீச்சர், இனி நீங்கள் ஆரின்ரையும் கையைப் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. நீங்களே உருட்டிக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு வரலாம். திறப்பு விழாவிலை முதல் ஆளாய் நீங்கள்தான் ஏறோணும்.”

ஓம் என்றேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

திறப்பு விழாவுக்குப் பச்சைச் சேலை கட்டிப் போனேன். நிறைகுடம், குத்துவிளக்கு, பாண்ட் வாத்தியம் எல்லாம் இருந்தன. சாய்தளம் சுவரோடு ஏறி, நடுவில் ஒரு சின்ன மேடையில் திரும்பி, மறுபடி வாசல்வரை ஏறுகிறது. அந்தத் திருப்பத்தில் இடுப்பளவு உயரத்தில் எதையோ மஞ்சள் பட்டால் மூடி வைத்திருந்தார்கள். விளக்கு வைக்கிற தட்டாக்கும், விழா முடிய எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். நான் அதுவரை உருட்டிக்கொண்டு போனதும் வெள்ளைச் சேட்டுப் போட்ட நான்கு பேர் ஓடிவந்தார்கள்.

“நேரம் போகுது, நேரம் போகுது, தூக்குங்கோ!”

நாற்காலியோடு தூக்கி உச்சியில் வைத்து, கமராவின் பக்கம் திருப்பிவிட்டார்கள். “சிரியுங்கோ அக்கா.” சிரித்தேன். பிறகு முதன்மை விருந்தினர் பட்டை இழுத்தார். உள்ளே கறுப்புக் கல், பொன்னெழுத்து. சீமெந்து வைத்துக் கட்டிய நினைவுக்கல். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தக் கைகளை இப்போது நினைத்தாலும் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

அடுத்த கிழமை தாதி வரவில்லை. தொலைபேசியில் எடுத்தேன்.

“வீட்டை வாறதை நிப்பாட்டிப்போட்டினம் ரீச்சர். றாம்ப் கட்டினாப் பிறகும் வீட்டை போனால், றாம்ப் பாவிக்கேல்லை எண்டு அறிக்கையிலை வருமாம். நீங்கள் வாங்கோ, நான் கட்டிவிடுறன்.”

போனேன். திருப்பம்வரை ஏறினேன். அங்கே நின்றுவிட்டேன். என் நாற்காலியின் அகலம் இருபத்தைந்து அங்குலம். கல்லுக்கும் சுவருக்கும் இடையில் பத்தொன்பது. அண்ணையின் மனைவி, என் மச்சாள், கூட வந்திருந்தாள். அவளைக்கொண்டு இரண்டு தரம் அளக்க வைத்தேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளை செய்கிற கழித்தல். நான்கு அமைப்புகள், ஒரு பொறியியலாளர், ஒரு கொந்தராத்துக்காரர், இத்தனை பேரில் ஒருவருக்கும் அது வரவில்லை.

கல் ஏன் அந்த மூலைக்கு வந்தது என்று பிறகு தெரிந்தது. முதலில் சுவரில் ஒரு சின்னத் தகடு பதிக்கத்தான் இருந்தார்களாம். நான்கு அமைப்புக்காரரும் தங்கள் பெயர் மற்றவரின் பெயரைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது என்றார்களாம். தகடு கல்லானது, கல்லுக்கு ஒரு பீடம் வந்தது. றோட்டிலிருந்து பார்க்க வடிவாகத் தெரிகிற இடம் அந்தத் திருப்பம்தானாம்.

அன்றுமுதல் கிழமைக்கு மூன்று தரம் என்னைத் தூக்கினார்கள். நாற்காலியோடு தூக்க ஆள் சேராத நாட்களில் ஒருவர் கக்கத்தில் கை கொடுப்பார், இன்னொருவர் முழங்காலில் பிடிப்பார். ஆசுப்பத்திரி ஆள் இல்லாவிட்டால் வரிசையில் நிற்கிற யாராவது ஓடிவருவார்கள். முகம் தெரியாத ஆண்கள், வியர்வை, வெற்றிலை மணம், “ஐயோ பாவம்.” எப்படித் தூக்குவது என்று ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. வெங்காய மூட்டையைத் தூக்குகிறவன் மூட்டையைக் கேட்பானா? ஒவ்வொரு தரமும் புண்ணின் ஓரம் இழுபட்டுக் கிழிந்தது. மருந்து கட்டப் போய், போன இடத்திலேயே புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தேன்.

ஒருநாள் தாதி பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டுப் புதுப் பஞ்சை நனைத்தார். பிறகு சொன்னார்: “உள்ளுக்கை போகுது ரீச்சர். இன்னும் கொஞ்சம் போனால் எலும்பு. பிறகு பெரியாசுப்பத்திரியிலை மாசக்கணக்காய்ப் படுக்கோணும். அதுக்கு மேலை நான் சொல்லேல்லை.”

அவர் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். போன இருவரின் முகமும் அன்றிரவு முழுக்கக் கண்ணுக்குள் நின்றது.

உத்தியோகத்தரைப் பிடித்துக் கல்லை எடுக்கச் சொன்னேன்.

“அது அப்பிடிச் சட்டெண்டு எடுக்கேலாது ரீச்சர். நாலு அமைப்பின்ரையும் பேர் கிடக்கு. நாலு பேரும் கையெழுத்து வைக்கோணும்.”

“என்னைத் தூக்கிறதுக்கு ஆர் கையெழுத்து வைச்சது?”

அவர் சிரித்தார். “ரீச்சர் நல்லாய்ப் பகிடி விடுவியள்.”

நான் பகிடி விடவில்லை. மூன்று கடிதம் எழுதினேன். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு பதில் வந்தது, அதன் தலைப்பிலும் அதே நான்கு சின்னங்கள்.

பிறகு ஒரு திங்கட்கிழமை. கிளினிக் நாள், சனம் முட்டி வழிந்தது. திருப்பம்வரை ஏறி நாற்காலியின் பிறேக்கைப் போட்டேன். இருவர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள்.

“தொடாதேங்கோ,” என்றேன். நான் வகுப்பில் கத்துகிற குரல் அது. இருவரும் நின்றுவிட்டார்கள். தாதி வாசலுக்கு வந்தார். அவரைப் பார்த்துச் சொன்னேன்:

“பிள்ளை, மருந்தை இஞ்சை கொண்டு வாரும். இதிலையே கட்டும்.”

“ரீச்சர், சனம் பாக்குது. உங்களுக்குத்தான் மரியாதையில்லை.”

“என்னைத் தூக்கேக்கை பாக்காத சனமே?”

நாற்காலியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். இடது முழங்கையைக் கல்லில் ஊன்றிச் சாய்ந்தேன். மச்சாள் என்னை ஒருகணம் பார்த்தாள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசாதவள் அவள். பையிலிருந்த போர்வையை உதறி விரித்தாள்.

“கொண்டு வாரும் பிள்ளை. நான் மறைச்சுப் பிடிக்கிறன்.”

ஒரு போர்வை போதவில்லை, றோட்டுப் பக்கம் திறந்திருந்தது. வரிசையிலிருந்து மூன்று பெண்கள் எழும்பி வந்தார்கள், ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார்கள். அவர்கள் ஒருவரும் ‘ஐயோ பாவம்’ என்று சொல்லவில்லை.

துணிச்சலாக இருந்தேன் என்று நினைக்காதீர்கள். வெட்கத்தில் காது இரண்டும் கொதித்தன. பட்டப்பகலில், பாதி ஊர் நிற்கிற இடத்தில் சேலையை விலக்கிக்கொண்டிருக்கிறேனே என்று அழுகை வந்தது. அழவும் அழுதேன். ஆனால் முழங்கையைக் கல்லிலிருந்து எடுக்கவில்லை.

தாதிக்குத் தட்டு வைக்க வேறு இடம் இருக்கவில்லை, கல்லின் மேல் வைத்தார். அவசரத்தில் பஞ்சை இழுத்தார். பழுப்பு மருந்துப் போத்தல் சரிந்து, மருந்து பொன்னெழுத்துக்குள் இறங்கி, முதன்மை விருந்தினரின் பெயரில் தேங்கி நின்றது. சீழ் ஊறிய பஞ்சும் அங்கேதான் கிடந்தது.

யாரோ தொலைபேசியில் படம் எடுத்துவிட்டார்கள். நான் அதில் இல்லை, மச்சாள் நன்றாகத்தான் மறைத்திருந்தாள். கல்லும், தட்டும், பஞ்சும், பெயர்களும்தான் இருந்தன. பொழுதுபடுவதற்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேசன் வந்து கல்லைப் பெயர்த்து வெளிச்சுவரில் பதித்துவிட்டுப் போனார். நான்கு நாள்தான். அந்த நான்கு கையெழுத்தையும் யார் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்று பின்னேரம் உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்காரவில்லை.

“நீங்கள் இப்பிடிச் செய்திருக்கக் கூடாது ரீச்சர். எவ்வளவு பெரிய ஆக்களின்ரை பேர். நானே தேய்ச்சுப் பாத்தன், அந்தக் கறை போகுதேயில்லை.”

புண் எப்படி இருக்கிறது என்று அவர் கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

எலும்புக்கு ஒரு நூல் தள்ளிப் புண் நின்றுவிட்டது என்கிறார் தாதி. முழுதாக ஆற இன்னும் மாதங்கள் பிடிக்கும். நேற்றும் போனேன். நானே உருட்டி, திருப்பத்தில் திரும்பி, வாசல்வரை ஏறினேன். உள்ளே சுவரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தைக் கழற்றச் சொல்லிக் கேட்டேன். அதற்கு நான்கு பேரும் கையெழுத்து வைக்க வேண்டுமாம்.