மகளின் இழுப்பும் அவள் பூனையும்

என் மகளுக்கு ஆறு வயதில் இழுப்பு வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் அப்போது மளிகைக் கடை வைத்திருந்தேன். எங்கள் தெருவைத் தாண்டினால் வயல். தை பிறந்தால் நெல் அடிக்கும் களத்துத் தூசு வீடெல்லாம் படியும். பிள்ளைக்கு மூச்சு முட்டுவது அதனால்தான் என்று நானும் மனைவியும் நம்பினோம்.

அந்த ஆண்டு கூலித் தகராறில் அறுவடை நின்றுபோனது. முற்றிய கதிர் சாய்ந்து கிடக்க, வரப்பில் போலீஸ்காரர்கள் நின்றார்கள். களத்தில் ஒரு கட்டுகூட அடிக்கவில்லை. அப்படியும் அவளுக்கு இழுத்தது. கண் சிவந்து, ஓயாமல் மூக்கைத் தேய்த்தாள்.

இதைச் சொன்னதும் கும்பகோணத்து டாக்டர் நிமிர்ந்தார். "வீட்ல நாய், பூனை ஏதும் வளக்குறீங்களா?"

நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். "எங்கிட்ட பூனை இருக்கு. என் பக்கத்துலதான் படுக்கும்." அவள் குரலில் அத்தனை பெருமை.

டாக்டர் அவளை வெளியே உட்காரச் சொன்னார். "பூனையோட எச்சிலும் தோல் பொடியும் புள்ளைக்கு ஒத்துக்கலைங்க. இவ்வளவு இழுக்குறப்போ அது வீட்ல இருக்கக் கூடாது. பாய், தலகாணி உறையெல்லாம் வெந்நீர்ல அலசுங்க. உடனே நிக்காது, சில மாசம் ஆகும்."

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போன பிறகு பூனையைக் கூடையில் மூடி, பஸ்ஸேறி அதிராம்பட்டினத்தில் மகள் மாமி என்று கூப்பிடும் என் அக்கா வீட்டில் விட்டேன். வழி முழுக்கக் கத்தியது. நாலாம் நாள் அங்கிருந்து ஓடிவிட்டது. அக்கா தேடாத சந்து இல்லை.

மகளிடம், "மாமி வீட்ல மீன் தின்னு கொழுத்துப்போச்சும்மா" என்றேன்.

மூன்று மாதம் மனைவி கொதிநீரில் துணிகளை அலசினாள். இழுப்பு மெல்லக் குறைந்தது. பள்ளி விடுமுறை விட்டதும் மகள் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு, கையில் கருவாட்டுப் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "போலாமா அத்தா?"

அதற்குமேல் பொய் வரவில்லை. பூனை ஓடிப்போனதைச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "என்னாலதானே அத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா, அத்தாதான் கொண்டுபோய் விட்டேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னிடம் தனக்கென்று எதையும் கேட்டதில்லை. கல்யாணப் புடவையைக்கூட, "நீங்களே எடுத்துட்டு வாங்க அத்தா" என்று சொல்லிவிட்டாள்.