அரெத்தி எதற்காக டாக்ஸியில் ஏறினாள்

இல்லை என்றால் இல்லைதான். அரெத்தி டாக்ஸிக்காரன் லினார்தோஸோடு ஓடிப்போகவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் நின்றுகொண்டு அந்தூலா அப்படிச் சொன்னபோது, கையிலிருந்த ரொட்டியை அவள் வாயில் திணித்துவிடலாமா என்றிருந்தது எனக்கு.

"நான் என்ன பொய்யா சொல்றேன், மருசோ அக்கா? பட்டப்பகல்ல, வீட்டுச் செருப்போட வந்து அவன் வண்டியில ஏறினா. ஊரே பாத்துச்சு. அன்னைக்குப் போனவ இன்னும் வீடு திரும்பல."

"ஏறினா. இல்லேன்னு யாரு சொன்னா?"

"அப்புறம் என்ன?"

"பின்சீட்டுல ஏறினாடி. ஓடிப்போறவ எதுக்குப் பின்சீட்டுல ஏறப்போறா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தூலாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "அவன் சட்டையெல்லாம் இவதான் தச்சுக் குடுக்கறா. அது எதுக்காம்?" என்றாள். தைத்துக் கொடுத்தாள்தான். ஊரில் பாதிப் பேருக்கு நானும் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அப்படியானால் எனக்கு எத்தனை புருஷன் என்று கேட்டுவிட்டு வந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அன்றைக்கு அரெத்தி வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் மூன்றே பேர். அரெத்தி, அவள் மகன் பந்தெலிஸ், நான். அவர்கள் இருவரும் வாய் திறக்கிற ஜாதி இல்லை. நான் சொல்லாவிட்டால் அந்தூலா சொல்வதுதான் நிலைக்கும்.

மலைமேல் இருக்கிற எங்கள் ஊரான பிளாக்காவில் அரெத்தி வீடும் என் வீடும் எதிரெதிரே. நடுவில் சந்து. என் பால்கனியிலிருந்து கையை நீட்டினால் அவள் பால்கனிச் செடியைப் பறித்துவிடலாம், பறித்தும் இருக்கிறேன். புருஷன் போன பிறகு மாடியிலும் கீழேயுமாக நான்கு அறைகளை வெள்ளையடித்துக் கோடைக்கு வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்தாள். மீலோஸ் தீவில் யார்தான் விடவில்லை? என்னிடம் இன்னோர் அறை இருந்திருந்தால் நானும் விட்டிருப்பேன்.

காலையில் விருந்தாளிகள் கோப்பையும் கையுமாக வந்து, இன்றைக்கு எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று அவளைக் கேட்பார்கள். வடக்கே காற்றடித்தால் தெற்கே போ, தெற்கே அடித்தால் வடக்கே போ. இது பெரிய ஞானம் ஒன்றும் இல்லை, எங்கள் ஊர்க் கோழிக்கும் தெரியும். சொல்லி அனுப்பிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்ப்போம். அரெத்தியால் மட்டும் அது முடியாது.

ஒவ்வோர் அறைக்கும் ஒவ்வொரு நிறத்தில் துண்டு கொடுத்திருந்தாள். சாயங்காலம் அவை கொடிக்கு வந்து சேர வேண்டும். பச்சை வந்துவிட்டது, நீலம் வந்துவிட்டது, மஞ்சளைக் காணோமே என்று நான்கு மணியிலிருந்தே சந்துக்கும் அடுப்புக்குமாக நடப்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் தொண்டையில் இறங்காது என்பாள். மஞ்சள் துண்டுக்காரன் எங்கோ உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பான். இவள் அவனுக்குக் கெட்டது அண்டாமலிருக்க மார்பில் மூன்று முறை துப்பிக்கொண்டு சிலுவை போடுவாள்.

அவள் வீட்டில் யார் மூழ்கிச் செத்தார்கள் என்று கேட்கிறார்கள். யாரும் இல்லை. புருஷன் கட்டிலில் செத்தான், நெஞ்சுவலி. அப்பன் மீன்பிடித்தவன்தான், அவனும் வயசாகிக் கட்டிலில்தான் போனான். ஒருத்தி பயப்படுவதற்கு ஒருத்தர் சாக வேண்டுமா என்ன? சிலருக்குக் கண் பெரிசாக இருக்கிறது, சிலருக்குப் பயம் பெரிசாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பயத்தினால்தான் அவள் இந்தத் தீவின் கடற்கரைகளையெல்லாம் பார்த்தாள். நீந்தத் தெரியாது. முழங்கால் நனைய இறங்கியதும் கிடையாது. ஆனால் துண்டு வராத ஒவ்வொரு நாளும் லினார்தோஸின் டாக்ஸியில் ஏறித் தேடிப் போய்விடுவாள். சராக்கினிக்கோ எப்படி இருக்கும் என்று அவளைக் கேட்டால், வெள்ளைப் பாறை, சுண்ணாம்பில் செய்து வைத்த மாதிரி என்று நம்மைப் போலச் சொல்ல மாட்டாள். "பசங்க மேலேருந்து குதிக்கறாங்க" என்பாள். பலியோஹோரியில் மணலுக்கு அடியில் பூமி கொதிக்கிறது, அதில் சட்டியைப் புதைத்து ஆட்டுக்கறி வேகவைக்கிறார்கள். அவளுக்கு அது உள்ளங்கால் வெந்துபோகிற இடம். ஃபிரிப்ளாக்காவில் சிவப்பும் மஞ்சளுமாகப் பெரிய மலைச்சுவர் நிற்கிறது. நிழலுக்காக அதன் அடியில் போய்ப் படுக்கிறார்கள். கல் உருண்டால் என்ன ஆகும்? ப்ரொவாதாஸ் குழந்தைகளுக்கான இடம், இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லை. "அங்கதான் யாரும் குழந்தையப் பாக்க மாட்டாங்க" என்பாள்.

போனால் சும்மா போக மாட்டாள். தர்பூசணியும் தேனும் எள்ளும் போட்டுச் சுட்ட அடை ஒரு தட்டில் இருக்கும். "இத மறந்துட்டு வந்துட்டீங்க" என்று நீட்டுவாள். ஆள் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்க்க வந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டாள். ஒருமுறை துணியே இல்லாமல் படுத்திருந்த ஜெர்மன்காரர்களுக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தட்டைப் பின்னால் நீட்டிக்கொண்டே நடந்து போய்க் கொடுத்தாளாம். லினார்தோஸ் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

அவனுக்கும் அவளுக்கும் இருந்த பேச்சு என்ன என்று நான் காதால் கேட்டிருக்கிறேன்.

"இன்னைக்கு யாரு சாகப்போறாங்க, அக்கா?" என்பான் வண்டியை நிறுத்தி.

"உன் வாயக் கழுவுடா. சீக்கிரம் போ."

"போன வாரம் செத்தவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. ரோட்டப் பாத்து ஓட்டு."

இதுதான் அவர்களுடைய காதல்.

பந்தெலிஸ் ஏதன்ஸிலிருந்து திரும்பி வந்த பிறகு அறைகளை விடுவது போன் வழியாக என்று ஆனது. தங்கிவிட்டுப் போகிறவர்கள் அதில் நல்லதும் கெட்டதும் எழுதுவார்களாம். அவன் உட்கார்ந்து படிப்பான், நானும் கேட்டிருக்கிறேன். "அறை சுத்தம். காலைச் சாப்பாடு அருமை. வீட்டுக்காரம்மா கடற்கரையில் பாறைக்குப் பின்னால் நின்று எங்களைப் பார்த்தார்." இன்னொன்று: "நாங்கள் தேனிலவுக்கு வந்தோம். மூன்று பேராக இருந்தோம்."

எனக்குச் சிரிப்பு. அவனுக்கு இல்லை. குளிர்காலத்தில் வேறு வருமானம் இல்லாதவன். ஆள் வருவது குறைந்துகொண்டே போனது. ஜூலையில் ஒருநாள் அவள் கடலோரக் காவலுக்கே போன் போட்டுவிட்டாள். படகு வந்து, குடைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மனுஷனை எழுப்பியது. அன்றைக்குத்தான் பந்தெலிஸ் சொன்னான்:

"அம்மா, இனிமே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை நீங்க யாரையாவது தேடிப் போனீங்கன்னா, வீட்டுச் சாவிய என்கிட்ட குடுத்துடணும். ஏதன்ஸ்ல ஒரு ஆளு இருக்கான். வீட்ட மொத்தமா எடுத்து நடத்தறேங்கறான். நீங்க மேல உக்காந்து நிம்மதியா இருங்க."

"என் வீட்டுல நான் விருந்தாளியா?"

"சத்தியம் பண்ணுங்க."

செய்தாள். ஆகஸ்டு முழுக்கக் கட்டுப்பட்டும் இருந்தாள். துண்டு வராத சாயங்காலங்களில் என் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். என் விரல் வலிக்கும். இளைத்துவிட்டாள்.

செப்டம்பர் கடைசியில் டென்மார்க்கிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர் வந்தார்கள். இங்கா, பிர்த்தே. எங்களைவிடக் கொஞ்சம் சின்னவர்கள், தொட்டதற்கெல்லாம் சிரிக்கிறவர்கள். பெரியவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை செய்திருந்தது, படியில் ஒவ்வொரு காலாகத்தான் இறங்குவாள். காலையில் வடக்குக் காற்று. அரெத்தி அவர்களை ஃபிரிப்ளாக்காவுக்கு அனுப்பினாள். வண்டி மணல்வரை போகும், படி கிடையாது. சுவரடியில் படுக்காதீர்கள் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னாள்.

மத்தியானம் நான் அவள் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பந்தெலிஸ் போனை நீட்டினான்.

"பாருங்கம்மா, உங்க டென்மார்க் தோழிங்க படம் அனுப்பியிருக்காங்க. நல்லா சிரிச்சுக்கிட்டு இருக்காங்க. இனிமேலாவது கவலப்படாதீங்க."

படத்தில் இருவரும் ஒரு பாறை வெடிப்பின் அடியில் நின்று சிரித்தார்கள். பக்கத்தில் ஒரு கயிறு தொங்கிற்று, அதன் கீழே ஓர் ஏணி.

அரெத்தி சிரிக்கவில்லை. "இது ஃபிரிப்ளாக்கா இல்லையே."

"பக்கத்துல இருக்கற சிக்ராதோ. அதனால என்ன?"

"அந்தக் கயத்தப் புடிச்சு ஏணியில இறங்கிட்டாங்க. ஏறணுமேடா."

"இறங்கினவங்களுக்கு ஏறத் தெரியாதா?"

அவள் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் வேறு பேச்சு எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே கழுத்தில் பிசுபிசுத்தது. ஜன்னலுக்கு வெளியே கொடியைப் பார்த்தேன். காலையிலிருந்து ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்த துண்டுகள் தளர்ந்து தொங்கின. பிறகு மெதுவாக, மறுபக்கம் சுவரைப் பார்த்துச் சாய்ந்தன. அரெத்தியும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெக்குக் காத்து," என்றாள்.

எங்கள் ஊரிலிருந்து தெற்குக் கரை தெரியாது. அதுதான் கொடுமை. மலைமேல் உட்கார்ந்து நினைத்துப் பார்க்க வேண்டியதுதான். சிக்ராதோ ஒரு உள்ளங்கை அளவு மணல். தெற்குக் காற்று பிடித்தால் அலை வந்து அதை மடித்து எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு ஏணியின் அடியில்தான் தண்ணீர்.

"அவங்களுக்குப் போன் போடு," என்றாள்.

போட்டான். மணி அடிக்கவில்லை. மறுபடி போட்டான்.

"அங்க பாறைக்குக் கீழ சிக்னல் வந்து வந்து போகும்மா. காத்து மாறினது தெரிஞ்சு ஏறியிருப்பாங்க. இப்ப எங்கயாவது உக்காந்து மீன் சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க."

"காவல் படகுக்காரங்களக் கூப்பிடு."

"எதுக்கு? ஜூலையில சிரிச்சாங்களே, அது போதாதா? நான் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

அவன் கெட்டவன் இல்லை. ஆனால் ஒருமுறை வெட்கப்பட்டவன் மறுபடி வெட்கப்படப் பயப்படுகிறான். அரெத்தி பீன்ஸ் தட்டைத் தள்ளி வைத்தாள். எழுந்தாள். பந்தெலிஸ் வாசலுக்குப் போய் நின்றுகொண்டான்.

"சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"ஆமா."

"எல்லாத் தடவையும் ஒண்ணுமே ஆகல. ஒரு தடவையாவது ஆச்சா? சொல்லுங்க, மருசோ சித்தி, நீங்களாவது சொல்லுங்க."

என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? ஒரு தடவையும் ஆகவில்லை என்பது உண்மை. துண்டுகள் சாய்ந்திருந்ததும் உண்மை. "வழிய விடுடா," என்றேன்.

"போறதுன்னா சாவிய வச்சுட்டுப் போங்க!" என்று கத்திவிட்டான். சொன்ன மாத்திரத்தில் அவன் முகம் மாறிற்று. திரும்ப விழுங்கத் தெரியவில்லை.

அரெத்தி இடுப்பிலிருந்து வளையத்தைக் கழற்றினாள். தெருக்கதவுச் சாவி, நான்கு அறைச் சாவிகள், கிடங்குச் சாவி. அவசரப்படவில்லை. மேஜை விரிப்பைச் சரிசெய்து அதன்மேல் வைத்தாள். அடை எடுத்துக்கொள்ளவில்லை. கிடங்கில் அவள் அப்பனுடைய தடித்த கயிறு சுருட்டி மாட்டியிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டாள். பந்தெலிஸ் தானாகவே விலகினான். வீட்டுச் செருப்போடு சந்தில் இறங்கிப் போனாள். லினார்தோஸின் வண்டி சதுக்கத்தில் நின்றது. நான் அவள் பால்கனியிலிருந்து பார்த்தேன். அவன் இன்றைக்கு யார் சாகப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. அவள் தோளைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டான். அந்தூலா ரொட்டிக்கடை வாசலில் நின்று பார்த்தது இதைத்தான். அவள் கண்ணுக்குக் கயிறு தெரியவில்லையாம்.

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். காபி ஆறிப்போயிற்று. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. அவன் போய்ச் சாத்தினான், மறுபடி திறந்தான். "சித்தி, அவங்க ஏறியிருப்பாங்க இல்ல?" என்றான். "ஏறியிருப்பாங்க," என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. கோயில் முற்றம்வரை போய்ப் பார்த்தேன். வளைகுடாத் தண்ணீர் கறுத்துப்போய்க் கிடந்தது. உள்பக்கத் தண்ணீரே இப்படி என்றால் வெளியே எப்படி இருக்கும்? நான் திரும்பி வரும்போது பந்தெலிஸ் கடலோரக் காவலிடம் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா, அதே வீடுதான்," என்றான். "ஆமா, சிரிங்க. ஆனா போங்க."

வெளிச்சம் மங்க ஆரம்பித்தபோது போன் அடித்தது. லினார்தோஸின் எண். பந்தெலிஸ் எடுக்காமல் என்னைப் பார்த்தான். நான்தான் பட்டனை அமுக்கினேன். காற்றுச் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு அரெத்தி, கடைக்குப் போய் வந்தவள் மாதிரி:

"பெரிய சட்டியில தண்ணி வை. ரெண்டு பேரும் நனைஞ்சு வர்றாங்க. ஏணி பாதி தண்ணிக்குள்ள போயிடுச்சு. பாறத் திட்டுல ஏறி நின்னுக்கிட்டு இருந்தாங்க, சின்னவ பெரியவளத் தாங்கிப் புடிச்சுக்கிட்டு. லினார்தோஸ் என் இடுப்பப் புடிச்சுக்கிட்டான், இன்னும் யாரோ நாலு பேரு வந்தாங்க. மேல ஏத்திட்டோம். பச்சைத் துண்டு போயிடுச்சு."

"அம்மா," என்றான் பந்தெலிஸ். "அம்மா, நீங்க நனைஞ்சிருக்கீங்களா?"

"முழங்கால் வரைக்கும்."

"வீட்டுக்கு வாங்க. சாவி இங்கயே இருக்கு. நான் தொடல."

"சாவிய வச்சுட்டேன்டா. நீ சொன்னது சொன்னதுதான். நான் கிளிமாவுக்குப் போறேன், கடலோரத்துல எங்கப்பா படகு நிறுத்தி வச்ச வீட்டுக்கு. அவங்களுக்குச் சூடா ஏதாவது குடு. பெரியவ கால மேல தூக்கி வைக்கணும். ரெண்டாவது அறையில கம்பளி இருக்கு."

போன் நின்றுவிட்டது. அவன் சட்டியில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்துவிட்டு, பற்றவைக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் எழுந்து போய்ப் பற்றவைத்தேன்.