கதவுக் கீலில் சந்தனம்

பனி கொட்டுகிற ஒரு தேசத்தில் போய் மதிவதனி எப்படித்தான் குப்பை கொட்டுகிறாளோ என்று படப்பையில் அவள் புகுந்த வீட்டுப் பக்கம் ஆச்சரியப்படாதவர்கள் இல்லை. புருஷன் ரகு தங்கமானவன், அதனால்தான் என்பார்கள் சிலர். சம்பளம் பேசுகிறது என்பார்கள் வேறு சிலர். ரகு தங்கமானவன்தான், சம்பளமும் மோசமில்லை. ஆனால் அவளை அங்கே ஊன்றி நிற்க வைத்தது இரண்டுமில்லை. கூடப் பிறந்த அண்ணன் அன்புவின் மேல் அவளுக்கிருந்த ஆத்திரம்தான். அந்த ஆளுக்குப் போய் அன்பு என்று பேர் வைத்தார்கள் பாருங்கள்.

ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. ஒரகடத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா கன்னியப்பனுக்கு இருந்த நிலம், கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போனது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு ஒரு வேலை என்று பேச்சு. கான்ட்ராக்ட் இல்லை, நிரந்தர வேலை. அந்தப் பக்கத்தில் அதன் அருமை தெரியாதவர் கிடையாது. அது மதிவதனிக்குத்தான் என்று அப்பா கண்ணை மூடுவதற்கு முன்பே சொல்லியிருந்தார். அவள் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். அன்பு ஐடிஐயில் சேர்ந்து, பாதியில் நின்று, பைக்கை முறுக்கிக்கொண்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தான்.

கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்த அன்று மதிவதனி சான்றிதழ் வாங்கக் காலேஜுக்குப் போயிருந்தாள். "அவ கட்டிக் குடுக்கப்போற பொண்ணு சார், நாளைக்கு வேற வூட்டு ஆளு. இந்தக் குடும்பம்னா நான்தான்" என்று அன்பு சொல்ல, அம்மா சந்திரம்மாள் பக்கத்தில் நின்று தலையாட்ட, காரியம் முடிந்தது. சாயங்காலம் திரும்பியவளை வாசலிலேயே லட்டு டப்பாவோடு மறித்தான்.

"வாயத் தொற பாப்பா. அண்ணனுக்கு வேலை கெடச்சிருச்சு."

என்ன ஏது என்று கேட்பதற்குள் வாயில் திணித்துவிட்டான். விஷயம் புரிந்தபோது லட்டு பாதி தொண்டையில் இறங்கியிருந்தது. அவள் கத்தினாள், அழுதாள், சாப்பிடாமல் படுத்துக் கிடந்தாள். "வுடு பாப்பா, நீ வேலைக்குப் போயி இன்னா பண்ணப்போற? உன்ன ராணி மாதிரி கட்டிக் குடுக்கறேன்" என்று சமாதானம் சொன்னான். பிடுங்கிக்கொண்டது போதாதென்று வள்ளல் வேஷம் வேறு. வேலையைப் பிடுங்கியதைக்கூட அவள் என்றாவது மன்னித்திருப்பாள். அந்த லட்டை அவளால் மன்னிக்க முடியவில்லை.

சொன்னபடி கட்டிக் கொடுத்தான். ரகு மறைமலை நகரில் ஃபிட்டர். மகள் இதழினி நடக்க ஆரம்பித்த சமயத்தில், ஸ்லோவாக்கியா என்கிற நாட்டில் ஒரு கார் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ரகு கேள்விப்பட்டு வந்தான். சொல்லிவிட்டுத் தயக்கத்தோடு மனைவியின் முகத்தைப் பார்த்தான். அந்த நாடு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட மதிவதனி கேட்கவில்லை.

"போலாம்" என்றாள்.

முதலில் ரகு போனான், அடுத்த வருஷம் தாயும் மகளும் கிளம்பினார்கள். வழியனுப்ப வந்த அன்பு ஏர்போர்ட் வாசலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "குளுரு தாங்க மாட்டா இவ. ஆறே மாசம், மூட்டையக் கட்டிக்கினு வந்துடுவா பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இவன் வாயில் மண் விழவேண்டும் என்பதற்காகவே அங்கே இருந்துவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

இருந்தாள். லேசில் இல்லை. முதல் குளிர்காலத்தில் சாயங்காலம் காபி போடுவதற்குள் இருட்டிவிடும். அந்த ஊர் பாஷை உயிரெழுத்தே இல்லாதது மாதிரி காதில் வந்து மோதியது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள் என்று பார்த்த பிறகே அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. புளி தீர்ந்துபோன வாரம், அங்கே கிடைக்கும் புளித்த முட்டைக்கோஸ் தண்ணீரில் ரசம் வைத்தாள். ரகு கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னான். பஸ்ஸில் அவள் டிரைவரிடம் பேசினால், பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த இதழினி எல்லார் முன்னாலும் அம்மாவைத் திருத்துவாள்.

திரும்பிவிடலாமா என்று பலமுறை தோன்றியது. தோன்றும்போதெல்லாம், "பாத்தியா, நான் சொல்லல?" என்று அன்பு பல்லைக் காட்டப்போகிற காட்சி கண்ணில் வரும். உடனே பூட்ஸை மாட்டிக்கொண்டு பாஷை வகுப்புக்குக் கிளம்பிவிடுவாள். அப்படியே பேசக் கற்றாள், பனியில் கார் ஓட்டக் கற்றாள், ரகுவின் தொழிற்சாலையிலேயே பேக்கிங்கில் சேர்ந்தாள். டிப்ளமோ படித்தவள் என்று தெரிந்ததும், வெளியூர்களிலிருந்து வரும் உதிரிபாகங்களைச் சோதித்து உள்ளே விடுகிற பிரிவுக்கு அவளை மாற்றினார்கள்.

அங்கேதான் அந்தப் பெட்டிகள் வந்தன. கார் கதவைத் தாங்கும் இரும்புக் கீல்கள். பெட்டியின் மேல் கம்பெனியின் பேர், அதன் கீழே ஒரகடம். அப்பாவின் நிலத்தில் கட்டிய தொழிற்சாலை, அதே கதவுக் கீல் லைனில்தான் அன்பு இப்போது சூப்பர்வைசர். அவன் செய்து அனுப்புவதை எடுப்பதா தள்ளுவதா என்று சொல்கிற நாற்காலியில் மதிவதனி உட்கார்ந்திருந்தாள். இதை அவள் ஊரில் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. அங்கே வீட்டில் சமைத்துக்கொண்டு சும்மாயிருக்கிறாள் என்றே அன்பு நம்பிக்கொண்டிருந்தான். நம்பட்டும் என்று விட்டுவிட்டாள்.

போன டிசம்பரில் கார் கதவுகள் சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தன. மூடினால் மேல் மூலை மயிரிழை அளவு வெளியே நின்றது. கீலில் துளை சற்றே சாய்ந்திருந்தது. ஒரகடத்தில் கேட்டால், எங்கள் அளவுகோலில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினோம், எல்லாம் சரியாக இருந்தது என்று பதில் வந்தது. பெட்டி பெட்டியாக அதே சாய்வு. ஸ்லோவாக்கியாவில் ஆளாளுக்குத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, மதிவதனி ஒரு கீலைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் செம்மஞ்சளாக ஒரு தீற்றல். துரு என்றார்கள் பக்கத்திலிருந்தவர்கள். அவள் விரலால் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனாள். சந்தனம்.

அவளுக்குச் சகலமும் புரிந்துவிட்டது. ஆயுத பூஜை அன்று அந்தக் கம்பெனியில் பூசணிக்காய் உடைப்பதும், மெஷினுக்கு முதல் பொட்டு வைப்பதும் நிலம் கொடுத்த குடும்பத்துக்குத் தருகிற மரியாதை. ஆக, அன்புவுக்கு. வேட்டி சட்டையில் அவன் பொட்டு வைக்கிற போட்டோ வருஷா வருஷம் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வரும். அந்த வருஷம் அவள் பார்த்திருந்த போட்டோவில் பக்தி முற்றிப்போய், மெஷினின் மேல்பக்கம் போதாதென்று, கீலை உட்கார வைத்துத் துளை போடுகிற பீடத்திலேயே அப்பியிருந்தான். துளையை வைத்துச் சரிபார்க்கிற அந்த அளவுகோலுக்கும் அதே இடத்தில் அதே மொத்தத்தில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் மேலே புதுப் பொட்டு வைக்கப்போவதாகவும் கீழே பெருமையாக எழுதியிருந்தான். காய்ந்து கெட்டித்த சந்தனத்தின் மேல் கீல் சாய்ந்து உட்கார்ந்தது, துளை சாய்ந்தது. அளவுகோலும் அதே சாய்வில் இருந்ததால் எல்லாம் சரி என்றது. பூஜையில் வைத்த பொட்டைத் துடைக்க அந்த லைனில் எவனுக்குக் கை வரும்?

ஒரே ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். ரகுவும் அதைத்தான் சொன்னான். "உங்க அண்ணனுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடேன்." அவள் போன் போடவில்லை. மேலதிகாரியிடம் போய், காரணம் என்னவென்று ஊகிக்க முடிகிறது, நேரில் பார்த்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றாள். பொய் இல்லைதான். பொங்கலுக்கு முந்தைய வாரம் அவளையே அனுப்பிவைத்தார்கள்.

வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஆள் வந்தால் அந்தத் தொழிற்சாலைகளில் நடக்கிற அமர்க்களம் தனி. வாசலில் பெரிய கோலம், பன்னீர், குங்குமச் சிமிழ். தர மேலாளர் அமிர்தநாதன் கோட்டு போட்டுக்கொண்டு நின்றார். அவருக்குப் பக்கத்தில், பிரச்சினைக்குரிய லைனின் சூப்பர்வைசர் என்ற முறையில், பூங்கொத்தோடு அன்பு. வருவது மிஸஸ் ரகு என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். அடுப்படியில் இருப்பதாக நம்பிய தங்கையோடு அந்தப் பேரைச் சேர்த்துப் பார்க்க அன்புவுக்குத் தோன்றவில்லை. கார் கதவு திறந்தது. அவள் இறங்கியதும் அன்புவின் முகத்தில் ஈயாடவில்லை.

"பாப்பா… நீ இங்க இன்னா…"

"நீங்கதான் மிஸ்டர் அன்புவா? உங்க லைனைக் காட்டுங்க" என்று பூங்கொத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

அவளுக்குக் கால் தரையில் படவில்லை. எத்தனை வருஷத்துப் பசி! ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நின்று, இது என்ன, இதை எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டாள். தெரிந்ததையே கேட்டாள். அவன் ஒவ்வொன்றையும் விளக்கி, ஒவ்வொரு பதிலின் முடிவிலும் "மேடம்" என்றான். துளை போடும் மெஷினுக்கு வந்ததும் குனிந்து பார்த்தாள். பீடத்தில் தோலாக உரிகிற அளவுக்குச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"இது என்ன?"

"பொட்டு மேடம்."

"யார் வெச்சது?"

லைனே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. "நான்தான்" என்றான்.

"துடைங்க."

"பூஜைல வெச்சது மேடம். அதப் போயி தொடைக்கிறது…"

"துடைங்க, மிஸ்டர் அன்பு."

நகத்தால் சுரண்டி, துணியால் துடைத்தான். வேட்டி கட்டி, எல்லார் முன்னாலும் பெருமையாக வைத்த பொட்டை, எல்லார் முன்னாலும் தன் கையாலேயே அழித்தான். அளவுகோலிலிருந்ததையும் அழிக்கச் சொன்னாள். பிறகு ஒரு கீலில் துளை போட்டுப் பார்த்தார்கள். நேராக இருந்தது. அமிர்தநாதன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

கேன்டீனுக்குப் போகிற வழியில் அன்பு அவளைத் தனியாக மடக்கினான். வியர்த்துக் கொட்டியது அவனுக்கு.

"உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல? ஒரு வார்த்த போன்ல சொல்லியிருந்தா நானே தொடச்சிருப்பேனே பாப்பா. இப்ப என்னத் தூக்கிடுவானுங்க. இது அப்பா நெலத்துக்குக் குடுத்த வேலை. நம்ம குடும்பத்துக்குன்னு இங்க கீறது இது ஒண்ணுதான். நீ நம்ம வூட்டுப் பொண்ணு, நீயே பாத்துக்கினு இருப்பியா?"

நம்ம வூட்டுப் பொண்ணு! எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாயில். மதிவதனி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மீட்டிங்குக்கு நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மீட்டிங்கில் அமிர்தநாதன் சுற்றி வளைக்கவில்லை. "மேடம், இது மன்னிக்க முடியாத தப்பு. அன்புவை இன்னைக்கே வேலையை விட்டு எடுத்துடறோம். உங்க கம்பெனிக்கு அதையே எழுத்துல தர்றோம்." எல்லார் கண்ணும் அவள் மேல் திரும்பியது. கதவோரம் நின்ற அன்பு தலையைத் தூக்கவில்லை. அவள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணக்கு தீர்ந்தது.

மதிவதனி யோசித்தாள். வேலை போனால் இவன் ரெண்டு மாதம் அழுவான். பிறகு தங்கச்சி குடியைக் கெடுத்துவிட்டாள் என்று ஊர் முழுக்கச் சொல்லி அனுதாபம் வாங்குவான். பிறகு எங்கேயாவது ஒரு கடை வைத்து உட்கார்ந்து, மறந்தும்விடுவான். மறந்தால் என்ன தண்டனை அது?

"வேண்டாம் சார்" என்றாள். "அவர் இதே லைன்ல இருக்கட்டும். அவரேதான் இருக்கணும். ஒரே ஒரு கண்டிஷன். வெள்ளிக்கிழமை தோறும் மதிய ஷிப்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, லைன் ஆளுங்க எதிர்ல, வீடியோ கால்ல அவர் தன் கையால பீடத்தையும் அளவுகோலையும் துடைச்சு எனக்குக் காட்டணும். நான் பாத்து சரின்னு சொன்ன பிறகுதான் மெஷின் ஓடணும். நான் போதும்னு சொல்ற வரைக்கும்."

எப்பேர்ப்பட்ட பெருந்தன்மை என்று அமிர்தநாதன் மெய்மறந்துபோனார். அன்பு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் அழுதான். "நீதான் என் சாமி பாப்பா" என்றான். அவனுக்கு அப்போதும் விளங்கவில்லை. மதிவதனி கையை மெல்ல உருவிக்கொண்டு, "மேடம்னு சொல்லுங்க" என்றாள்.

விஷயத்தைக் கேட்ட ரகு மட்டும் சந்தோஷப்படவில்லை. "போதும்னு எப்ப சொல்லுவ?" என்று கேட்டான். "அவன் ரிட்டயர் ஆகட்டும்" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, வெளியே பனி விழுந்துகொண்டிருக்க, தன் மேஜையில் காபியோடு உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரகடத்திலிருந்து அழைப்பு வந்தது. திரையில் அன்பு, அவன் பின்னால் கைகட்டி நிற்கிற லைன் ஆட்கள். துணியை நனைத்துப் பீடத்தைத் துடைத்தான், மூலைகளில் விரல் விட்டுத் துடைத்தான், அளவுகோலையும் துடைத்தான். போனைக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினான்.

"சுத்தமா கீது மேடம்."

சுத்தமாகத்தான் இருந்தது. அவன் முகமே அதில் தெரிகிற அளவுக்குப் பளபளத்தது. மதிவதனி அவசரப்படாமல் காபியைக் குடித்து முடித்தாள்.

"இன்னொரு தடவை துடைங்க" என்றாள்.