தையல் போட்டவர்களுக்கு ஐந்தாம் நாள் போன்

"ஆபரேஷன் அரை மணி நேரம், புண் பத்து நாள். அந்தப் பத்து நாளும் புண் நம்மகிட்ட இல்ல, வீட்டுக்காரங்ககிட்ட." இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் கிளினிக் நர்ஸ் டோரீன், நான் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை. அவள் இங்கிலீஷில் சொன்னது எனக்குத் தமிழில் விளங்க வெகு நாள் ஆயிற்று. ப்ளஸ் டூ படிப்பு, பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போன பிறகு வாங்கிய மெடிக்கல் அசிஸ்டன்ட் சர்டிபிகேட், யூனிபார்ம் பாக்கெட்டில் ஒரு செபமாலை. அவ்வளவுதான் என் கைச்சரக்கு.

நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோ பக்கம், ஒரு தோல் டாக்டரிடம் வேலை. கட்டி, மச்சம் எடுத்துத் தையல் போட்டு அனுப்புவார். ஐந்தாம் நாள் போன் பண்ணி, புண்ணில் கிருமி சேர்ந்திருக்கிறதா என்று கேட்பது என் பொறுப்பு. தமிழ் ஆட்கள் மொத்தமும் என் தலையில். அந்தப் போனில் நான் கோட்டை விட்டால் அடுத்தது ஆஸ்பத்திரி. உங்கள் வீட்டிலும் யாராவது தையலோடு உட்கார்ந்திருப்பார்கள். நான் படும் பாடு உங்களுக்குப் புரியும்.

ஃபேன் காற்று

முதுகில் கொழுப்புக் கட்டி எடுத்த ஒரு தம்பி, ஐ.டி.யில் வேலை. தினம் சோப்புப் போட்டுக் கழுவணும், வாஸ்லின் தடவணும், மூடி வைக்கணும் என்று மூன்று தடவை சொல்லிப் பேப்பரிலும் எழுதிக் கொடுத்தேன். போன் பண்ணினால் பின்னால் ஒரே இரைச்சல். டேபிள் ஃபேன். கேமராவை அணைத்துவிட்டு, சட்டையில்லாமல், கட்டையும் பிரித்துப் போட்டுவிட்டு, ஃபேனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறாராம். ஐந்து நாளாகத் தண்ணீரே படவில்லையாம். "பொருக்கு கட்டினா வெடிக்கும்ப்பா, அந்த வெடிப்புலதான் கிருமி போகும்" என்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "புண்ணுன்னா காயணும் ஆன்ட்டி. நீங்க என்ன, ஊறுகாய் மாதிரி ஊறப்போடச் சொல்றீங்க?"

மந்திரித்த எண்ணெய்

ஸ்டெல்லா அக்கா எங்கள் செபக் கூட்டத்து ஆள். கழுத்தில் மச்சம் எடுத்திருந்தது. தையல் பிரிக்க வந்தபோது கட்டைத் திறந்தால் பளபளவென்று எண்ணெய், நடுவில் மஞ்சளாகச் சீழ். ஊர்க் கோயிலில் ஃபாதர் மந்திரித்துக் கொடுத்த எண்ணெயாம். குப்பி ஆறு வருஷமாகக் கிச்சன் ஜன்னலில் நிற்கிறது. வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் விரலை உள்ளே விட்டுத்தான் எடுப்பார்கள்.

"நெத்தியில பூசுங்கக்கா, தையல்ல வேண்டாம். குறை எண்ணெய்ல இல்ல, விரல்ல" என்று மெதுவாகத்தான் சொன்னேன். டாக்டர் சீழைப் பஞ்சில் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, மாத்திரையும் எழுதினார். அக்கா போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்: "தினம் செபமாலை சொல்ற நீயே இப்படிப் பேசினா, மத்தவங்கள என்னன்னு சொல்றது?"

மெட்ராஸ் மாத்திரை

ஒரு அம்மாவுக்குக் கையில் தையல் சிவந்துவிட்டது. எங்களுக்குச் சொல்லவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த ஆன்டிபயாட்டிக்கில் மிச்சம் இருந்ததைப் போட்டுவிட்டார்; அதுவும் மூன்றே மூன்று. ஸ்பீக்கரில் மகள் குரல் கேட்டது: "மாம், இட்ஸ் எக்ஸ்பயர்ட்." நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவின் பதில்: "அது மெட்ராஸ் மாத்திரைடி. இந்த ஊர்த் தேதி அதுக்குக் கிடையாது."

சூட்டு உடம்பு

இதுவரை சொன்னதெல்லாம் அவர்கள் தப்பு. இது என்னுடையது.

ராமநாதன் அங்கிளுக்கு எழுபது தாண்டிவிட்டது, சர்க்கரை உண்டு, மகன் வீட்டோடு இருக்கிறார். கெண்டைக்காலில் கட்டி எடுத்திருந்தது. ஐந்தாம் நாள் போன் பண்ணினேன். தாளில் ஐந்து கேள்வி: சிவப்பு, வீக்கம், வலி, சீழ், சூடு. "என் கலருக்குச் சிவப்பு எங்கம்மா தெரியப்போவுது" என்றார். வீக்கம் இருக்கிறதா என்பது கட்டுத் துணி மறைப்பதால் தெரியவில்லை. வலி வயசுக்கு உள்ளதுதான். சீழ் இல்லை. "சூடா இருக்கா, அங்கிள்?" என்று கேட்டேன். "இருக்கும்மா. எனக்கு எப்பவுமே சூட்டு உடம்பு. வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சிட்டேன், தணிஞ்சிடும்." நான் சிரித்தேன். என் வீட்டுக்காரருக்கும் இதே சூட்டு உடம்பு, இதே வெந்தயம். சூடு என்ற இடத்தில் 'இல்லை' என்று டிக் போட்டேன்.

ஏழாம் நாள் மகன் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். காய்ச்சல், நடுக்கம். கட்டைப் பிரித்தால் சீழ், வீக்கம் முழங்கால் வரை. டாக்டர் கையை வைத்துப் பார்த்ததுமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் காலே போயிருக்கலாம் என்றார். நான் அந்தத் தாளை டோரீனிடம் எடுத்துக்கொண்டு போய், அங்கிள் சூடு என்றுதான் சொன்னார், இல்லை என்று போட்டது நான் என்று சொல்லிவிட்டேன். அவள் அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து நாள் டிரிப்ஸ் ஏறியது. ஐந்து நாளும் சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் உட்கார்ந்து செபமாலை சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை, மாதாவே அந்தக் காலைக் காப்பாத்திக் கொடு என்று மட்டும்தான்.

இரண்டு வாரம் கழித்து அங்கிள் தானாக நடந்து உள்ளே வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது: "நீ சூடான்னு கேட்டே, நான் சூடுன்னு சொன்னேன். இதுல நான் என்னம்மா தப்பா சொல்லிட்டேன்?"

இப்போதெல்லாம் நான் 'சூடா' என்று கேட்பதில்லை. புறங்கையைத் தையலுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன், பிறகு அடுத்த காலிலோ கையிலோ அதே இடத்தில் வைக்கச் சொல்கிறேன், எது கொதிக்கிறது என்று கேட்கிறேன். அப்போதும் முக்கால்வாசிப் பேர் பதிலை வெந்தயத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கிருமியோடு டாக்டர் போடும் சண்டையைவிட வெந்தயத்தோடு நான் போடும் சண்டை பெரிது என்பதுதான் இத்தனை வருஷத்தில் நான் கண்டது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தையல் இருந்தால், இன்றைக்கு ஒரு தடவை புறங்கையை வைத்துப் பாருங்கள்.