சங்கிலிமுத்து செய்த மீன்தொட்டி ஸ்டாண்டு

சாத்தூரில் சீனிவாசகம் முதலாளி வீட்டு ஹாலில் எட்டடி நீளத்துக்கு ஒரு மீன்தொட்டி இருக்கிறது. போகிறவர்கள் எல்லாம் கண்ணாடியைப் பார்ப்பார்கள், மீனைப் பார்ப்பார்கள். அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு கீழே நிற்கிற மர ஸ்டாண்டை ஒருத்தரும் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டால் போகட்டும், ஸ்டாண்டு அதற்காகக் கோபித்துக்கொள்ளாது. ஆனால் அதைச் செய்த மனிதரைப் பற்றி அதே ஹாலில் வைத்துப் பேசிய பேச்சு இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் சைஃபுல்லா. மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுவது தொழில். ஸ்டாண்டைச் செய்தவர் சங்கிலிமுத்து அண்ணன். ரயில்வே கேட் பக்கம் அவருடைய மச்சினன் சங்கையா வைத்திருந்த மரவேலை ஷெட்டில்தான் எனக்குப் பழக்கம். அண்ணன் உளி பிடித்து முடித்த சாமானுக்கு நான் பாலிஷ் போடுவேன்.

அண்ணன் ஆரம்பத்திலிருந்தே மரவேலைக்காரர் இல்லை. தாயில்பட்டிப் பக்கம் இதே சீனிவாசகம் முதலாளியின் பயராபீஸில் மருந்து கலக்குகிற ஆளாக இருந்தார். பட்டாசுக் கம்பெனியை எங்கள் பக்கம் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். தொண்ணூற்று ஒன்பதில், தீபாவளி சீசன் நேரம், பக்கத்து ரூம் வெடித்தது. அண்ணன் உயிரோடு வந்துவிட்டார். இடது கையில் கட்டைவிரல் தவிர மற்ற விரல்கள் வெந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்துவிட்டார்கள். பக்கத்து ரூம் வெடித்ததற்கு இந்த ரூமில் இருந்தவன் என்ன கவனமாக இருந்திருக்க முடியும்? ஒரு அதிகாரிக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. முதலாளி மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலை நீட்டினார், போட்டோ எடுக்கிறவரைக்கும் நின்றார், போய்விட்டார்.

அண்ணன் மனைவி வேலுத்தாய் மதினி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, தீப்பெட்டி ஆபீஸில் வேலைக்குப் போய்க் குடும்பத்தை இழுத்தார். அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் சங்கையாவின் ஷெட்டுக்குப் போய் உட்கார்ந்தார். முதலில் வேடிக்கைதான் பார்த்தார். பிறகு இழைப்புளியை எடுத்தார். உளியைக் கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் இறுக்கி, வலது கையால் கொட்டாப்புளியை வைத்துத் தட்டுவார். கொட்டாப்புளி என்பது மரச்சுத்தியல். இரும்புச் சுத்தியலை அவர் அதிகம் தொடமாட்டார். பயராபீஸில் இருந்தவனுக்கு இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தமே ஆகாது.

கை ஆறிவிட்டது. ஊர் வாய்தான் ஆறவிடவில்லை. டீக்கடைக்குப் போனால் "பாவம்" என்று ஒருத்தன் டீ வாங்கிக் கொடுப்பான். பஸ்ஸில் ஏறினால் "பாவம்" என்று ஒருத்தி எழுந்து இடம் விடுவாள். கட்டில் செய்யச் சொல்லி வருகிறவன்கூட, "சங்கிலிக்குக் குடுத்தா ஒரு புண்ணியமாப் போகும்" என்று சொல்லிக்கொண்டுதான் வருவான். புண்ணியம் வேண்டுமென்றால் கோயிலுக்குப் போ, கட்டில் வேண்டுமென்றால் ஷெட்டுக்கு வா என்று எனக்கு வாய்வரை வரும். அண்ணன் கட்டிலுக்கு அளவு மட்டும் கேட்டுக்கொள்வார். ஒருநாள் மட்டும் இழைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரே ஒருத்தன், என் கையப் பாக்காம வேலைய மட்டும் பாத்துட்டு வந்தாப் போதும் பாய். அதுக்கப்புறம் எவன் என்ன சொன்னாலும் சொல்லிட்டுப் போறான்."

இரண்டாயிரத்து ஆறில் சீனிவாசகம் முதலாளி காரில் வந்து ஷெட்டுக்கு முன்னால் இறங்கினார். கூடவே அவர் வீட்டம்மாவும் வந்திருந்தார். வாஸ்துக்காரர் யாரோ ஹாலில் அரோவானா மீன் வளர்க்கச் சொன்னாராம். வீட்டில் மற்ற சாமான் எல்லாம் மரம், அதனால் தொட்டிக்கும் மர ஸ்டாண்டுதான் வேண்டும் என்று அந்த அம்மா ஒற்றைக்காலில் நின்றார். நாலு ஆசாரிகளிடம் கேட்டுப் பார்த்துவிட்டார்கள். "தண்ணி நெறஞ்சா ஒரு டன்னுக்கு மேல வரும். மரத்துல நிக்காது, இரும்புல அடிச்சுக்கோங்க" என்று நாலு பேரும் கைவிரித்துவிட்டார்கள். இதை அந்த அம்மாதான் எங்கள் முன்னால் சொன்னார்.

முதலாளி ஷெட்டுக்குள் காலே வைக்கவில்லை. மரத்தூள் ஒட்டிவிடும் என்று வெளியிலேயே நின்று கேட்டார்: "ஏலே சங்கிலி, ஒன்னால முடியுமா?"

அண்ணன் தொட்டியின் அளவைக் கேட்டார். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் ஒத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாலு பேரு முடியாதுன்ன வேலை பாய். என்னயத் தேடி வந்திருக்காக." புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

விருதுநகர் மரக்கடைக்கு நானும்தான் கூடப் போனேன். நன்றாகக் காய்ந்த வேங்கையாகப் பார்த்துப் பார்த்து எடுத்தார். ஒவ்வொரு துண்டையும் தட்டிப் பார்த்தார், முடிச்சு இருந்ததை ஒதுக்கினார். கடைக்காரர் சலித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வேலை நடந்தபோது நான் கேட்டேன், "இம்புட்டுப் பாரத்துக்கு ஆணி தாங்குமா அண்ணே?" என்று.

"ஆணிக்கு என்ன வேலை அங்கன? பாரம் ஆணியில நிக்கவே கூடாது. மரத்து மேல மரம் ஒக்காரணும். மேச்சட்டம் கால்ல ஒக்காரணும், காலு தரையில ஒக்காரணும். நடுவுல ஒண்ணும் தொங்கக் கூடாது."

அப்படியேதான் செய்தார். நாலு மூலைக்கு நாலு கால், நடுவில் தொய்யாமல் இருக்க முன்னும் பின்னும் இரண்டு கால். ஒவ்வொரு காலின் தலையிலும் சட்டம் அப்படியே உட்கார்ந்தது. குறுக்குச் சட்டங்களைத் துளை போட்டு இறக்கி, மரமுளை அடித்து இறுக்கினார். ஆடாமல் இருக்கப் பின்பக்கம் முழுக்கப் பலகை கொடுத்தார்.

முடித்ததும் பக்கத்துக் கடையிலிருந்து சிமெண்ட் மூட்டைகளை வரவழைத்து ஸ்டாண்டு மேல் அடுக்கினார். அதோடு விடாமல் லோடுமேன்களைக் கூப்பிட்டு மூட்டைகள் மேல் ஏறி உட்காரச் சொன்னார். அவர்கள் உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள், ஒருவன் எழுந்து ஆடிக்கூடக் காட்டினான். ஸ்டாண்டு ஒரு முனகல் முனகவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தது. பிறகுதான் என்னைப் பாலிஷ் போட விட்டார்.

முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோன அன்று, ஆள்கள் ஸ்டாண்டைத் தரையோடு நகர்த்தப் பார்த்தார்கள். "இழுக்காதீக! தூக்குங்க!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் சமையல்கட்டிலிருந்து எல்லோரும் ஓடிவந்துவிட்டார்கள். வெடிப்பெட்டியை இழுத்தால் உரசித் தீப்பிடிக்கும். பயராபீஸில் கற்றுக்கொண்டதை ஸ்டாண்டுக்கும் விடவில்லை.

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. பயராபீஸ் மருந்து ரூம் வாசலில் தரையோடு ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிறவன் அதைத் தொட்டுவிட்டுத்தான் போகவேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டு அதில் இறங்கிவிடும். தொடாமல் போனால் ஒரு பொறி போதும், ஆளும் இல்லை ரூமும் இல்லை. வருசக்கணக்காகத் தொட்டுத் தொட்டு, வேலையை விட்ட பிறகும் எந்த வாசலில் நுழைந்தாலும் அண்ணன் தன்னை அறியாமல் குனிந்து தரையைத் தொடுவார். முதலாளி வீட்டுக்குப் போகிறபோதெல்லாம் தொட்டார், அன்றைக்கும் தொட்டார். சோபாவில் இருந்த முதலாளி அதைப் பார்த்து மெல்லச் சிரித்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஸ்டாண்டை வைத்து, ரசமட்டம் பிடித்துப் பார்த்து, தரை வாட்டத்துக்குத் தக்கபடி கால்களைச் சீவி, மேலே தெர்மோகோல் விரித்தார். கண்ணாடிக்காரர்கள் தொட்டியை ஏற்றித் தண்ணீர் நிரப்பினார்கள். தண்ணீர் ஏற ஏற அண்ணன் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு இணைப்பையும் பார்த்துக்கொண்டே இருந்தார். விளிம்பு வரைக்கும் நிறைந்தது. ஒன்றும் அசையவில்லை.

மீன் விடுவதற்கு நல்ல நாள் பார்த்துப் பெரிய விசேஷமாக வைத்தார்கள். ஏஜெண்டுகள், பக்கத்துக் கம்பெனி முதலாளிகள், சொந்தக்காரர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. வீடு கட்டினால் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேட்டி துண்டு கொடுப்பது போல இதற்கும் தாம்பாளத்தில் வைத்திருந்தார்கள். அண்ணன் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். வாஸ்துக்காரருக்குக் கொடுத்தார்கள், கண்ணாடிக்காரருக்குக் கொடுத்தார்கள். கடைசியாக அண்ணனைக் கூப்பிட்டு, தோளில் துண்டைப் போட்டு, அவரை எல்லோருக்கும் காட்டுகிற மாதிரி திருப்பி நிறுத்தினார் முதலாளி.

"இவன் நம்ம பழைய ஆளு. வெடியில கை போயிருச்சு, பாவம். எங்கன போவான்? நம்ம பயதானே, ஒரு நிவாரணமா இருக்கட்டும்னு இந்த வேலைய இவனுக்கே குடுத்தேன்."

ஹாலே உச்சுக்கொட்டியது. முதலாளிக்கு அது போதவில்லை.

"ஆனா ஒண்ணு, நன்றி மறக்காதவன். நம்ம வாசலுக்கு வந்தா தரையத் தொட்டுக் கும்பிட்டுத்தான் உள்ள காலு வைப்பான். நானும் பாக்கேன், ஒரு நாள் தவறலயே. அம்புட்டு விசுவாசம்!"

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கையை வேகவைத்தவர், அந்தக் கையால் தனக்கே கும்பிடு விழுகிறது என்று இத்தனை நாளும் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்! எனக்கு வந்த ஆத்திரத்தில் தாம்பாளத்தைத் தூக்கி எறிந்திருப்பேன். அண்ணன் நிதானமாகத்தான் பேசினார்.

"மொதலாளி, நான் ஒங்க வாசலக் கும்பிடல. அது மருந்து ரூம் பழக்கம். தகட்டத் தொடாமப் போனா செத்துருவோம்னு நீங்கதான் போர்டு எழுதி வச்சிருந்தீக. எங்க வீட்டு வாசலயும் தொடுவேன், ரேசன்கடை வாசலயும் தொடுவேன், பஸ்ஸ்டாண்டு கக்கூசு வாசலயும்தான் தொடுவேன். அதுவும் விசுவாசமா?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். முதலாளி முகம் கறுத்தது.

"நிவாரணமாக் குடுத்த வேலைன்னா எனக்கு வேண்டாம். தொட்டிய எறக்குங்க, ஸ்டாண்ட நான் கொண்டுபோறேன்."

"கிறுக்குப் பிடிச்சிருக்காலே ஒனக்கு? தண்ணி நெறஞ்சு கெடக்கு, மீன விட்டாச்சு!"

"அப்ப நடந்ததச் சொல்லுங்க. எத்தன ஆசாரி முடியாதுன்னு போனாக? அதுக்கப்புறம் யாரு யாரத் தேடி வந்தாக? எல்லாரும் இருக்காக, இங்கனயே சொல்லுங்க."

வீட்டம்மா வாயைத் திறந்தார். முதலாளி ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா திறந்த வாயை மூடிக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார். நாலு வார்த்தைதான். 'நாலு பேர் முடியாது என்றார்கள்' என்று சொன்னால் அவர்கள் சொத்தில் எது குறைந்துவிடும்? முதலாளி சொல்லவில்லை. "நல்ல நாளும் அதுவுமா எதுக்குப் பிரச்சன பண்ணுத, சாப்பிட்டுட்டுப் போ" என்றார்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து, மடிப்புக் கலையாமல் தாம்பாளத்தில் வைத்துவிட்டு நடந்தார். நானும் கிளம்பினேன். உள்ளே வடை பாயாசத்தோடு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பசிக்கத்தான் செய்தது, ஆனால் அந்த இலையில் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

மறுநாளே பேச்சு பரவிவிட்டது. சபையில் முதலாளியை எதிர்த்துப் பேசினவன் என்று எல்லா கம்பெனியிலும் சொல்லி வைத்துவிட்டார்கள். பேசி வைத்திருந்த மேசை ஆர்டர் நின்றது. இரண்டு கம்பெனிக்காரர்கள் ஷெட்டைத் தாண்டிப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சங்கையாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏன் மச்சான், ஒரு துண்டத் தோள்ல போட்டுட்டு வந்திருந்தா என்ன கொறஞ்சா போயிருப்பீக?"

"ஆமா, கொறஞ்சுதான் போயிருப்பேன்" என்றார் அண்ணன். வேலை இல்லாத ஷெட்டில் உளிகளைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் காலையில் விருதுநகரிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் ஜமால் முகம்மது, சிவகாசி பிரஸ்களுக்குப் பேப்பர் கொடுக்கிற வியாபாரி. குடோனில் பேப்பர்க் கட்டுகளை அடுக்க ரேக்கு வேண்டுமாம். பேப்பர் பாரம் சாதாரணப் பாரம் இல்லை.

"சங்கிலிமுத்து மேஸ்திரிங்கிறது யாரு?"

"நாந்தான். யாரு சொல்லி வந்தீக?"

"சீனிவாசகம் மொதலாளி வீட்டுக்கு யாவார விசயமாப் போயிருந்தேன். எல்லாரும் மீனப் பாருங்கன்னாக. நான் கீழ குனிஞ்சு ஸ்டாண்டத்தான் பாத்தேன். யாரு செஞ்சதுன்னு கேட்டதுக்கு, ஒங்க பேரச் சொன்னாரு. ஆனா நல்லபடியாச் சொல்லல."

"பரவால்ல, சொல்லுங்க."

ஜமால் பாய் தயங்கினார். "திமிரு பிடிச்சவன், அவங்கிட்டப் போகாதீகன்னாரு."

"அம்புட்டுத்தானா? என் கையப் பத்தி ஒண்ணும் சொல்லலயா?"

"கைக்கு என்ன?" என்றபடி அவர் அப்போதுதான் அண்ணன் கையைப் பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் சொல்லல. வேலை தெரியும்ங்கிற திமிரு அவனுக்குன்னாரு."

அண்ணன் கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கச் சொல்லுங்க."

ஜமால் பாய் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார், சங்கையாவைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்: "வேலை தெரியும்ங்கிற திமிரு அவனுக்கு!"