‘ட்ரை பண்றேன்’ தடைசெய்யப்பட்ட கதை

“இனி இத்தொழிற்சாலையில் எந்தப் பணியாளரும் மேலதிகாரியிடம் ‘ட்ரை பண்றேன்’ என்று பதில் சொல்லக்கூடாது. முடியும் அல்லது முடியாது என்று மட்டுமே சொல்ல வேண்டும்.”

சேதராப்பட்டில் நான் பிளானிங் செக்‌ஷனில் வேலை பார்த்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட சுற்றறிக்கை இது. கீழே கையெழுத்து இருந்தது; தேதி இல்லை. தேதி இல்லாத காகிதத்தைக் கண்டால் எனக்குச் சோறு இறங்காது. ‘மாசிமகம் கழிந்த மூன்றாம் வாரம், வியாழன்’ என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன். அறிவிப்புப் பலகையில் கிறுக்கியதற்காக எனக்கு வாய்மொழி எச்சரிக்கை கிடைத்தது. அந்த எச்சரிக்கைக்கும் தேதி இல்லை.

ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் புதுச்சேரியில் தடைசெய்ய வேண்டிய அவசியம் எப்படி வந்தது என்பதைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருப்பவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

1. மாசிமகத்துக்கு முதல் நாள்

எங்களிடம் மிக்ஸி மூடி, டப்பா மூடி எல்லாம் வார்க்கும் மிஷின்கள் இருந்தன. மூடியின் வடிவம் மாறினால் மிஷினில் உள்ள மோல்டை மாற்ற வேண்டும். மோல்டு என்பது முழு எஃகு. நாலு ஆள் சேர்ந்தாலும் அசையாது. மேலே உத்தரத்தில் தொங்கும் செயின் பிளாக்கில் கொக்கி மாட்டித்தான் தூக்குவார்கள். அந்தச் செயின் பிளாக் பொங்கலுக்கு முன்பே பழுதாகி, கழற்றப்பட்டு, ஸ்டோர்ஸில் ஒரு மூலையில் கிடந்தது.

மாசிமகத்துக்கு முதல் நாள் சாயங்காலம் புரொடக்‌ஷன் மேனேஜர் ரகுநாதன் மிஷின்கள் ஓடும் ஷாப்புக்குள் வந்தார். மோல்டு மாற்றும் வேலை குருசுக்குப்பத்துக் கதிர்வேலுடையது. அவன் அப்போது புரொபேஷனில் கடைசி மாதத்தில் இருந்தான். அது தாண்டிவிட்டால் பர்மனென்ட்.

“கதிர், நாளைக்கு லீவு. நாளான்னிக்கு காலையில கஸ்டமர் வராங்க. மூணாம் நம்பர் மிஷின்ல புது மோல்டு ஏறியிருக்கணும்.”

கதிர்வேல் தலையைத் தூக்கி வெறும் உத்தரத்தைப் பார்த்தான்.

“ட்ரை பண்றேன் சார்.”

“குட்” என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

பக்கத்து மிஷின் ஆபரேட்டர் பாவாடை சிரித்தார். “இன்னாடா, தேர் இழுக்கற மாதிரி வடம் கட்டி இழுக்கப்போறியா?”

“போண்ணா. ட்ரை பண்றேன்னு சொல்லிட்டேன்ல, அவ்ளோதான்.”

அங்கே நின்ற எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. மோல்டு ஏறாது. நானும் பழைய மோல்டுக்கே பிளான் போட்டுவிட்டு பஸ் பிடித்தேன். எங்கள் ஷாப்பில் மேலே இருப்பவரின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. அது திமிர். அதனால்தான் அந்த ஆங்கிலச் சொல்லை வைத்திருந்தோம். சொன்னவருக்கும் மரியாதை, கேட்டவருக்கும் மரியாதை. மோல்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கஸ்டமர் வந்தார். பழைய மூடியையே பார்த்தார். முகத்தைச் சுளித்துவிட்டுப் போனார். மேலிடத்திலிருந்து ரகுநாதனுக்கு போன் வந்தது. அன்று மாலையே கதிர்வேலுக்கு மெமோ வந்தது. ‘முயற்சி செய்வதாக உறுதியளித்துவிட்டு எந்த முயற்சியும் செய்யாத காரணத்தால்’ என்று தொடங்கியது.

2. அகராதி

தொழிற்சங்கம் விடவில்லை. விசாரணை வைத்தே தீர வேண்டும் என்றது. விசாரணை அதிகாரியாக ஊருக்குள்ளிருந்து லூர்துமேரி என்ற வயதான வழக்கறிஞரை அழைத்து வந்தார்கள். குருசுக்குப்பத்து ஆட்கள் அவரைப் பிரெஞ்சு வழக்கில் ‘மதாம்’ என்றார்கள், மற்றவர்கள் ‘மேடம்’ என்றார்கள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் நடவடிக்கைக் குறிப்பு எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

எச்.ஆர். அதிகாரி தடியான ஆங்கில அகராதி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அடையாளத்துக்கு நடுவில் சாப்பாட்டு டோக்கன் வைத்திருந்தார். முயல்வது, சோதித்துப் பார்ப்பது, வழக்கை விசாரிப்பது என்று அந்தச் சொல்லுக்கு வரிசையாகப் பொருள் வாசித்தார். கடைசிப் பொருளின்படி, அந்த அறையில் இருந்த எல்லோரும் அன்று கதிர்வேலைத்தான் ட்ரை பண்ணிக்கொண்டிருந்தோம். அது யாருக்கும் உறைக்கவில்லை.

“ட்ரை பண்றேன்னு சொன்னியா, இல்லியா?”

“சொன்னேன் சார்.”

“பண்ணியா?”

“இல்ல சார்.”

“அப்ப பொய் சொல்லியிருக்க.”

“பொய் இல்ல சார். முடியாதுன்னுதான் சொன்னேன்.”

“முடியாதுன்னு எப்ப சொன்ன?”

“ட்ரை பண்றேன்னு சொன்னப்பவே.”

எச்.ஆருக்கு முகம் மலர்ந்துவிட்டது. “மேடம், மேலதிகாரி உத்தரவை மறுத்ததா அவனே ஒத்துக்கறான். குறிச்சுக்குங்க.”

அகராதியின்படி பொருள் கொண்டால் கடமை தவறியவன். அவன் சொன்ன பொருளைக் கொண்டால் கீழ்ப்படியாதவன். எந்தக் கதவைத் திறந்தாலும் வெளியே வீட்டுக்குப் போகிற வழிதான் இருந்தது. கதிர்வேல் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

லூர்துமேரி அகராதியை வாங்கி மூடி வைத்தார். “எங்க அப்பா பிரெஞ்சுக்காரங்க காலத்துல ஆபீஸ்ல இருந்தவரு. யார் எதைக் கேட்டாலும் ‘ஒன் வா வுவார்’னுவாரு. பாக்கலாம்னு அர்த்தம். அதுக்கப்புறம் ஒருத்தரும் எதையும் பாத்ததில்ல” என்றார். பிறகு கதிர்வேல் பக்கம் திரும்பினார். “ஏன்பா முடியாது?”

“செயின் பிளாக் இல்ல மதாம்.”

சாட்சியாக உட்கார்ந்திருந்த ரகுநாதன் குறுக்கிட்டார். “அதெல்லாம் சாக்கு மேடம். மனசு இருந்தா வேற ஏற்பாடு பண்ணியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை.”

“அப்படியா? நான் இதெல்லாம் பாத்ததே இல்ல. சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த மோல்டைத் தூக்கிக் காட்டுங்களேன்.”

ரகுநாதன் தலையைத் தூக்கி ஆபீஸ் கூரையைப் பார்த்தார். அங்கே மின்விசிறிதான் இருந்தது.

“ட்ரை பண்றேன் மேடம்” என்றார்.

நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

3. சாப்பாட்டுக்கு அப்புறம்

லூர்துமேரி செருப்புச் சத்தம் கேட்க மூணாம் நம்பர் மிஷினுக்கு முன்னால் வந்து நின்றார். பழைய மோல்டு ஓடிக்கொண்டிருந்தது. புது மோல்டு தரையில் தூசி படிந்து கிடந்தது. பாவாடை மட்டும் மும்முரமாக மூடி பொறுக்குவதாகப் பாவனை செய்தார்.

“என்ன முயற்சி எடுத்தீங்க மிஸ்டர் ரகுநாதன்?”

“மேடம்… அந்தச் செயின் பிளாக் இன்னும் ரிப்பேர்ல…”

“காலையிலயே சொல்லியிருக்கலாமே?”

“நீங்க பெரியவங்க. மூஞ்சிக்கு நேரா எப்படி மேடம் முடியாதுங்கறது…”

பாவாடை கையிலிருந்த மூடிகள் கீழே சிதறின. லூர்துமேரி என்னைப் பார்த்து, “இதையும் எழுதிக்குங்க” என்றார். அன்றைய விசாரணை அதோடு முடிந்தது. குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அறிக்கை வந்தது.

நிர்வாகம் தோற்றதாக நினைக்க வேண்டாம். செயின் பிளாக்கை ரிப்பேர் செய்வதற்குப் பதிலாகச் சொல்லை ரிப்பேர் செய்தது. மேலே உள்ள சுற்றறிக்கை அப்படிப் பிறந்ததுதான். எல்லோரும் கட்டுப்பட்டோம். எதைக் கேட்டாலும் “முடியும் சார்” என்றோம். நடக்கும் வேலை நடந்தது, நடக்காதது நடக்கவில்லை. சுற்றறிக்கையை மதித்து “முடியாது சார்” என்று சொன்ன ஒரே ஆள் பாவாடை. ஞாயிறு ஓவர்டைமுக்கு அவரை அதன்பின் யாரும் கூப்பிடவில்லை.

கதிர்வேலின் புரொபேஷன் முடிந்து மாதம் ஒன்று கடந்தது. பர்மனென்ட் ஆர்டர் வரவில்லை. ஒருநாள் அவன் ரகுநாதனின் மேஜைக்கு முன்னால் போய் நின்றான். நான் பக்கத்து மேஜையில் இருந்தேன்.

“சார், என் ஆர்டர்?”

ரகுநாதன் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ட்ரை பண்றேன்பா.”

சுற்றறிக்கை கீழே இருப்பவர்களுக்குத்தான். கதிர்வேல் “ரொம்ப தேங்க்ஸ் சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். அடுத்த வாரமே அதே தொழிற்பேட்டையில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அங்கே செயின் பிளாக் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் சேர்ந்தானாம்.

நான் கற்றது இவ்வளவுதான். கீழே இருப்பவர் அந்தச் சொல்லைச் சொன்னால், எது குறுக்கே நிற்கிறது என்று கேளுங்கள். மேலே இருப்பவர் சொன்னால், வேறு வேலை தேடுங்கள்.

பழைய தொழிற்சாலையின் செயின் பிளாக் பிறகு ரிப்பேர் ஆனதா என்பது தெரியவில்லை. இதை எழுதுமுன் உறுதிசெய்துகொள்ள ஸ்டோர்ஸுக்கு போன் செய்தேன். எடுத்தவர் பார்த்துவிட்டுச் சொல்ல ட்ரை பண்ணுவதாகச் சொன்னார்.